உள்பக்கம் கைப்பிடி இல்லாத கதவு

முதல் மாதம், 14

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே நான் சௌகரியம். நீ எப்படி இருக்கிறாய்? அண்ணிக்கு வாந்தி நின்றதா? புளிப்பாக ஏதாவது வாயில் அடக்கிக்கொள்ளச் சொல்.

கல்யாணம் முடிந்த மறுநாளே என்னை ஐந்தாம் நிலையில் பதிந்துவிட்டார்கள். பதிகிறவர் என் கையைத் திருப்பிப் பார்த்தார். உள்ளங்கையில் காய்ப்பு இருந்தது. "போகப் போகச் சரியாயிடும்" என்றார், ஏதோ தோல் வியாதி மாதிரி.

மூன்று வருஷம் இந்த வீட்டுச் சாப்பாட்டுக்கூடத்துக்கு வெளியே நின்று கதவு திறந்தேன். இப்போது அதே கூடத்துக்கு உள்ளே உட்கார்ந்திருக்கிறேன். அதே கதவு. உள்பக்கத்தை முதல்முறையாகப் பார்த்தேன். கைப்பிடி இல்லை. வழவழவென்று பலகை. ஐந்தாம் நிலையில் எந்த அறைக்கும் உள்பக்கம் கைப்பிடி கிடையாதாம். யாருக்கு வேண்டும்?

நடைமுறை சொல்லிக்கொடுக்க ஓர் அம்மாள் வருகிறார். "கதவுகிட்ட வந்தா நின்னுடணும். அதைப் பார்க்கக் கூடாது. பார்த்தா, தொறக்கணும்னு நீங்களே நினைக்கறீங்கன்னு ஆயிடும்."

"தொறக்க ஆள் இல்லைன்னா?"

அவருக்குக் கேள்வி புரியவில்லை. "ஆள் எப்படி இல்லாமப் போகும்?" என்றார்.

என் வீட்டுக்காரர் நல்லவராகத்தான் தெரிகிறார். அதிகம் பேசுவதில்லை. தானியக் கிடங்கு முழுக்க அவர் பொறுப்பு. களைப்பாக வருகிறார்.

அண்ணியை விசாரித்ததாகச் சொல்.

உன் தங்கை


முதல் மாதம், 29

வாலு,

நாங்கள் நன்றாக இருக்கிறோம். உன் உடம்பைப் பார்த்துக்கொள். உன் அண்ணிக்கு வாந்தி நின்று இப்போது பசி. பட்டறையைத் தவிர எல்லாவற்றையும் தின்றுவிடுவாள் போலிருக்கிறது.

மாப்பிள்ளையை மாப்பிள்ளை என்று எழுதக் கூடாதாம், கண்காணிப்பாளர் அவர்கள் என்றுதான் எழுத வேண்டுமாம். கதவில்லாத நம் திரைத்தெருவிலிருந்து போகிற காகிதத்தை உங்கள் நிலைக்காரர்கள் யாரும் விரலால்கூடத் தொடமாட்டார்கள் என்று நீயே சொல்லியிருக்கிறாய். அப்புறம் என்ன? மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

உனக்கு ஒரு செய்தி. கூடப் பிறந்தவள் ஐந்தாம் நிலையில் இருந்தால் எங்களுக்கு இரண்டாம் நிலை உண்டு. இரண்டாம் நிலை என்றால் கதவு. வந்து அளவெடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். நிலைவாசல் இல்லாத இடத்தில் எதை அளப்பது என்று தெரியாமல் திரையை அளந்தார்கள்.

இந்த ஊரில் பாதிக் கதவு என் கீலில்தான் திரும்புகிறது. என் வீட்டுக்கு ஒரு கீல் அடிக்கப் போகிறேன். நேற்று இரும்பைக் காய்ச்சி வைத்துவிட்டு, சும்மா பார்த்துக்கொண்டே இருந்தேன். ஆறிவிட்டது. மறுபடி காய்ச்சினேன்.

அண்ணன்


இரண்டாம் மாதம், 20

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். உங்கள் இருவருக்கும் என் அன்பு. கதவு வந்ததா?

அரண்மனைக்குப் போய்வந்தோம். நீ கேட்டால் சிரிப்பாய், அதனால் எழுதுகிறேன்.

ஆறாம் நிலைக்காரர்களுக்கு இரட்டைக் கதவு. இடது பலகைக்கு ஒருவர், வலது பலகைக்கு ஒருவர். இடதுக்காரர் மூத்தவராம். இரண்டு பேரும் பேசிக்கொள்வதில்லை. எப்போது தள்ள வேண்டும் என்பதைத் தொண்டையைக் கனைத்துத் தெரிவித்துக்கொள்கிறார்கள். அன்று இடதுக்காரருக்கு ஜலதோஷம். கதவு நாலுதரம் திறந்து நாலுதரம் மூடியது. மந்திரி நடுவில் நின்றார், ஒன்றுமே நடக்காத மாதிரி.

அரசருக்கு முன்னால் ஆட்கள் ஓடுகிறார்கள். அவர் வருவதற்குள் எல்லாக் கதவும் சுவரோடு சாய்ந்துவிட வேண்டும். பிறந்ததிலிருந்து அவர் மூடிய கதவைப் பார்த்ததே இல்லை. கதவு என்பது வாசலுக்குப் பக்கத்தில் வைக்கிற அலங்காரப் பலகை என்று நினைத்துக்கொண்டிருக்கிறாராம். "சில இடத்துல பூ செதுக்கியிருக்கீங்க, சில இடத்துல இல்லையே, ஏன்?" என்று எங்களைக் கேட்டார். எல்லோரும் தலையை ஆட்டினார்கள். நானும்.

திரும்பி வரும்போது ஒன்றை யோசித்தேன். வீட்டில் கதவு இல்லாதவர்களைத்தான் கதவு திறக்கும் வேலைக்கு எடுக்கிறார்கள். வேறு யாரையும் எடுப்பதில்லை. இத்தனை நாளும் இது எனக்குத் தோன்றவே இல்லை.

என் அறைக்கு வெளியே நிற்கும் பெண் நம் தெருவுக்குப் பின்தெரு. நான் அவளிடம் பேசக் கூடாது. காலை மாற்றி மாற்றி வைத்து நிற்கிறாள். எங்கே வலிக்கும் என்று எனக்குத் தெரியும்.

உன் தங்கை


மூன்றாம் மாதம், 8

வாலு,

சுகம். நீயும் மாப்பிள்ளையும் சுகமென்று நம்புகிறேன்.

கதவு வந்துவிட்டது.

முதல்நாள் தெருவே திரண்டுவிட்டது. எல்லோரும் ஒருதரம் திறந்து ஒருதரம் மூடிப் பார்த்தார்கள். சத்தமே இல்லை, என் கீல் அல்லவா. "சத்தம் வராத கதவு என்ன கதவு" என்று ஒருத்தி குறை சொன்னாள்.

பக்கத்துவீட்டு நெசவுக்காரர் மறுநாள் வந்தார். திரைக்கு வெளியே நின்று இருமுகிற பழக்கம். கதவுக்கு முன்னால் நின்று இருமியிருக்கிறார். எங்களுக்குக் கேட்கவில்லை. இருமி இருமி நிஜமாகவே இருமல் பிடித்துக்கொண்டது. கடைசியில் உன் அண்ணிதான் திறந்தாள்.

"தட்டக் கூடாதா?" என்றேன்.

"எதை?"

"கதவைத்தான்யா!"

"உன் பொருளை நான் எதுக்கு அடிக்கணும்?" என்றார்.

சிரிப்பு ஒரு பக்கம் இருக்கட்டும். ஆள்பிடிப்பவர்கள் திரையை மட்டும்தான் கேட்காமல் விலக்கலாம். கதவு என்றால் தட்ட வேண்டும், தட்டினால் காரணம் சொல்ல வேண்டும். கால்வாய் வேலைக்கு ஆள் குறைகிறது என்று பேச்சு. உன் அண்ணி இப்போது விளக்கை அணைத்ததும் தூங்கிவிடுகிறாள். முன்பெல்லாம் திரை அசைந்தால் எழுந்து உட்கார்ந்துகொள்வாள். உனக்குத் தெரியுமே.

இதெல்லாம் உன்னால்தான். அடிக்கடி சொல்லமாட்டேன்.

அண்ணன்


நான்காம் மாதம், 11

அன்புள்ள அண்ணாவுக்கு,

சௌகரியம். அண்ணிக்கு இப்போது ஆறாவது மாதம் இருக்குமா? கனமானதைத் தூக்க விடாதே.

ஒரு விருந்துக்குப் போயிருந்தோம். நன்றாக நடந்தது. அந்த வீட்டு வாசலில் கதவு திறப்பவருக்கு வயதாகிவிட்டது. கொஞ்சம் அசந்துவிட்டார். அதைப் பிறகு சொல்கிறேன்.

என் அறைக்கு வெளியே நிற்கும் பெண் சில நாளாக விடுமுறையில் இருக்கிறாள். அதனால் அறையிலேயே ஓய்வாக இருக்கிறேன். குளிக்கிற இடம் உள்ளேயே இருக்கிறது, அதற்கு நடுவில் திரைதான். சாப்பாட்டுத் தட்டு கதவுக்கு அடியில் நுழையும். சமையல்கார அம்மாள்தான் கடிதமும் வாங்கிப் போகிறார், கொண்டுவந்து தருகிறார். குறை ஒன்றும் இல்லை. ஜன்னல் மூன்றாம் மாடியில் இருப்பதால் காற்று நன்றாக வருகிறது.

ஒன்று கேட்க நினைத்தேன். சும்மா தெரிந்துகொள்ளத்தான். உள்பக்கம் கைப்பிடி இல்லாத கதவை உள்ளேயிருந்து எப்படித் திறப்பது? உள்ளே இழுக்கிற கதவு. கீல் இரண்டும் என் பக்கம் தெரிகின்றன. உனக்குத் தெரியாமல் இருக்காது.

உன் தங்கை


நான்காம் மாதம், 30

வாலு,

நலம். உன் நலத்தை எழுது. ஓய்வு நல்லதுதான். மூன்று வருஷம் நின்ற காலாயிற்றே.

உன் அண்ணிக்கு ஆறு முடிந்து ஏழு. தொட்டிலுக்குக் கொக்கி அடித்துவிட்டேன். நெசவுக்காரர் துணி தருவதாகச் சொல்லியிருக்கிறார். இப்போது தட்டப் பழகிவிட்டார். அவர் தட்டுவது நிற்பதே இல்லை. திறந்த பிறகும் இரண்டு தட்டு.

கதவுக்கு நீலம் அடிக்கலாமா, மரநிறமே இருக்கட்டுமா என்று ஒரே சண்டை. நீ சொல்.

மழை தள்ளிப்போகிறது. பட்டறையில் வேலை நிறைய. மற்றவை பின்னர்.

அண்ணன்


ஐந்தாம் மாதம், 17

அண்ணா,

நலம் என்று எழுதிப் பழகிவிட்டது. நீலம் அடி.

விருந்தில் நடந்ததைச் சொல்கிறேன். வாசலில் பெரியவர் அசந்துவிட்டார். எனக்குப் பின்னால் பதினைந்து இருபது பேர். நான் நின்றேன். கதவைப் பார்க்கவில்லை. எல்லாம் சொல்லிக்கொடுத்தபடிதான். ஆனால் கை போய்விட்டது. கைப்பிடியைப் பிடித்து, இழுத்து, ஓரமாக ஒதுங்கி, தலையைக் குனிந்து நின்றேன். விருந்தினர்கள் உள்ளே போக வழிவிட்டு. மூன்று வருஷம் செய்த மாதிரியே. யாரும் உள்ளே போகவில்லை.

நான் தடுக்கி விழப்போய்க் கதவைப் பிடித்துக்கொண்டேன் என்று என் வீட்டுக்காரர் சொல்லிச் சமாளித்தார். அதனால் நிலை தப்பியது.

வீட்டுக்கு வந்ததும் என் அறைக்கு நின்ற பெண்ணை வேறு கதவுக்கு மாற்றிவிட்டார். விடுமுறை இல்லை. வெளியே நின்று பேசினார். குரலில் கோபம் இல்லை. "கை மறக்கட்டும்" என்றார். எத்தனை நாள் என்றேன். "கைதான் சொல்லணும்."

ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. கதவு பூட்டியில்லை. இந்த வீட்டில் பூட்டே கிடையாது. வெளியே கைப்பிடி இருக்கிறது, யாரும் தொடமாட்டார்கள். தனக்கு ஒதுக்காத கதவைத் தொட்டால் குடும்பத்தோடு திரைத்தெரு. சமையல்கார அம்மாளிடம் கேட்டேன். "எனக்கு ரெண்டு பொண்ணும்மா" என்றார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

நான் திறந்தது தெரிந்தால் என் நிலை போகும், உன் கதவும் போகும். அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்கிறேன். கீலைப் பற்றி.

உன் தங்கை


ஆறாம் மாதம், 25

வாலு,

பதில் எழுதத் தாமதம். உடம்பு எப்படி இருக்கிறது? நேரத்துக்குச் சாப்பிடு.

போன வாரம் ஆள்பிடிப்பவர்கள் வந்தார்கள். தெருமுனையிலிருந்து ஒவ்வொரு திரையாக விலக்கிக்கொண்டே வந்தார்கள். நெசவுக்காரரைத் தறியிலிருந்து எழுப்பிக்கொண்டு போனார்கள். கையில் தறியில் ஓட்டுகிற நாடா இருந்தது, அதைக் கீழே வைக்கக்கூட விடவில்லை. எங்கள் கதவுக்கு முன்னால் ஒருவன் நின்றான். அடியில் கால் தெரிந்தது. உன் அண்ணி என் வாயைப் பொத்தினாள், நான் அவள் வாயைப் பொத்தினேன். கால் போய்விட்டது. அடுத்த திரையை விலக்கும் சத்தம் கேட்டது.

கால்வாய்க்குப் போனவர்கள் யாரும் இதுவரை திரும்பவில்லை.

மாப்பிள்ளை கோபக்காரர் இல்லை என்று நீயே எழுதியிருக்கிறாய். அப்படிப்பட்டவர்களுக்கு மனம் இளகக் கொஞ்ச நாள் ஆகும். பொறுத்துப் போனால் எல்லாம் சரியாகிவிடும். கைக்கு வேறு வேலை கொடு. பின்னல் ஏதாவது.

அடுத்த மாதக் கடைசியில் பிறந்துவிடும் என்கிறார்கள்.

அண்ணன்


ஆறாம் மாதம், 29

ஏ பொண்ணே,

நான் உன் அண்ணி. எனக்கு எழுத வராதுன்னு உங்க அண்ணன் ஊரெல்லாம் சொல்வார். வரும். நேரம்தான் இருந்ததில்லை.

உன் கடுதாசி எல்லாத்தையும் படிச்சேன். அவர் மடிச்சு மடிச்சு வைக்கறார், எடுத்து எடுத்துப் பார்க்கறார், பதிலை மட்டும் எழுத மாட்டேங்கறார். கேட்டா, "உனக்காகத்தான்"ங்கறார். என்னைக் காட்டி என்னத்தையும் நியாயம் பண்ணிடலாம் இப்போ, வயிறு அவ்வளவு பெருசு.

கேளு. கீலுக்கு நடுவுல ஒரு ஆணி இருக்கும். கரண்டிக் காம்பைக் கீழேயிருந்து வச்சுத் தட்டு, மேலே கிளம்பும். ரெண்டு கீல்லயும் எடுத்துட்டா அது கதவே இல்லை. பட்டறையில உக்காந்து உக்காந்து எனக்குத் தெரிஞ்சது இவ்வளவுதான்.

கதவு போனா போகுது. கதவுக்கு உள்ளே படுத்தா தூக்கம் வரும்னு இருந்தேன். வந்தது, கொஞ்ச நாள். பக்கத்து வீட்டுத் தறி நின்ன அன்னிக்குப் போச்சு.

உடம்பைப் பார்த்துக்கோ. பதில் போடாதே, வா.

அண்ணி


எட்டாம் மாதம், 19

அன்புள்ள அண்ணிக்கு,

உங்களுக்கும் குழந்தைக்கும் சுகமா? என்ன குழந்தை? அண்ணா எப்படி இருக்கிறான்? என் கால் இப்போது பரவாயில்லை, மெதுவாக நடக்கிறேன்.

வா என்று எழுதியிருந்தீர்கள். நான் வரவில்லை. ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஒரு சத்திரத்தில் பாத்திரம் தேய்க்கிறேன். அங்கே வந்தால் தெருவே பார்த்துவிடும். ஏன் வரவில்லை என்பதற்கு வேறு காரணமும் இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன்.

உங்கள் கடிதம் வந்த அன்றே கரண்டியை எடுத்தேன். மேல் கீல் கண்ணுக்கு நேராக இருந்தது. அதிலிருந்துதான் ஆரம்பித்தேன். ஆணி சுலபமாக வந்துவிட்டது. கதவு மேலே விலகி என் பக்கம் சாய்ந்தது. கீழ் ஆணி முறுக்கிக்கொண்டு தானாகத் தெறித்தது. அவ்வளவு கனம் இருக்கும் என்று நினைக்கவில்லை, நான் எப்போதும் தள்ளியோ இழுத்தோதான் பார்த்திருக்கிறேன், தூக்கிப் பார்த்ததில்லை. பாதத்தில் விழுந்தது. சத்தம் வரவில்லை. கால் வாங்கிக்கொண்டது.

சமையல்கார அம்மாள் தட்டோடு வந்தார். வாசலில் கதவு இல்லை. கதவுக்கு அடியில் நான். தட்டை எங்கே வைப்பது என்று கொஞ்ச நேரம் பார்த்தார், பழக்கம். பிறகு தரையில் வைத்தார்.

"தொடமாட்டீங்களே" என்றேன்.

"கதவைத்தான்மா தொடமாட்டேன். இது கீழே கெடக்கற பலகை. பலகையைத் தூக்கக் கூடாதுன்னு எனக்கு யாரும் சட்டம் சொல்லலை."

தூக்கினார். என்னை வெளியே விட்டு, இரண்டு பேருமாகப் பலகையைத் திரும்ப நிறுத்தினோம். ஆள் எலும்பும் தோலுமாக இருக்கிறவர்தான், நல்ல பலம். கீலில் பொருத்தி, ஆணியை விடும்போது மட்டும் அவர் கையை எடுத்துக்கொண்டார். "இப்ப இது கதவாயிடுச்சு" என்றார். இடுக்கு வழியாகக் கையை விட்டு ஆணிகளை நானே இறக்கினேன். பிறகு சாத்தினேன். வெளியிலிருந்து, கைப்பிடியைப் பிடித்து. அந்த வேலை எனக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு ஒன்பது கதவு இருந்தன. ஒன்றையும் நான் தொடவில்லை. ஐந்தாம் நிலை உடுப்பு. நொண்டிக்கொண்டு ஒவ்வொன்றின் முன்னாலும் போய் நின்றேன். திறந்தார்கள். எங்கே போகிறீர்கள் என்று ஐந்தாம் நிலையைக் கேட்கக் கூடாது. தெருவாசலில் அந்தப் பெண் நின்றாள், என் அறையிலிருந்து மாற்றப்பட்டவள். என் காலைப் பார்த்தாள். கதவை வழக்கத்தைவிட அகலமாகத் திறந்தாள்.

இப்போது காரணம். என் அறைக் கதவு மூடியிருக்கிறது. திறக்க ஆள் நியமிக்கவில்லை. என் வீட்டுக்காரர் தன் கையால் திறக்க முடியாது. ஆகவே நான் உள்ளேதான் இருக்கிறேன். தட்டு கதவு வரைக்கும் போகிறது, காலியாகத் திரும்புகிறது. சமையல்கார அம்மாள்தான் சாப்பிடுகிறார், இப்போது கொஞ்சம் சதை போட்டிருக்கிறார் என்று தெருவாசல் பெண் மூலம் தகவல். என் வீட்டுக்காரர் வெளியே நின்று, கை மறந்ததா என்று கேட்பதில்லையாம். நானாகச் சொல்ல வேண்டும் என்று காத்திருக்கிறார்.

அவர் மனம் இளகாதவரைக்கும் உங்கள் கதவு இருக்கும். இளகமாட்டார் என்றுதான் நினைக்கிறேன்.

ஒன்று மட்டும் செய்ய வேண்டும். கடிதம் நின்றால் சந்தேகம் வரும். அண்ணாவை அந்த வீட்டுக்கே, என் அறைக்கே, எப்போதும் போல எழுதச் சொல்லுங்கள். அந்த அம்மாள் வாங்கி அடியில் தள்ளிவிடுவார். அவருக்குப் படிக்கத் தெரியாது. யாரும் படிக்கமாட்டார்கள். என் கைக்கும் வராது.

இதை அடுப்பில் போட்டுவிடுங்கள்.

உங்கள் நாத்தனார்


ஒன்பதாம் மாதம், 10

வாலு,

நாங்கள் சௌகரியம். அறையில் காற்று வருகிறதா? வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று கேள்விப்பட்டேன், சந்தோஷம்.

பெண் குழந்தை. உன் அண்ணி என்னோடு அதிகம் பேசுவதில்லை, குழந்தையோடு பேசுகிறாள், நான் கேட்கும்படியாக. நெசவுக்காரர் வீட்டிலிருந்து துணி வந்தது. அவர் மனைவி கொண்டுவந்து கொடுத்தாள். தட்டவில்லை. வாசலில் நின்று இருமினாள்.

போன கடிதத்தில் கேட்டிருந்தாய். அதற்கு முன்கடிதத்திலும்.

கீழ்க் கீலை முதலில் எடுக்க வேண்டும். மேல் கீலைக் கடைசிவரை தொடாதே. மேல் ஆணி இருக்கும்வரை கதவு நிற்கும். மேலே முதலில் எடுத்தால் பலகை உன்மேல் சாயும். எல்லோரும் செய்கிற தப்பு அது, கண்ணுக்கு நேராக இருப்பதை முதலில் எடுப்பது. கீழ் ஆணிக்குக் கரண்டிக் காம்பு போதும், ஆனால் முனையில் துணி சுற்றிக்கொள். வரவில்லையென்றால் கொஞ்சம் எண்ணெய் விட்டுவிட்டு விடியும்வரை பொறு. மேல் ஆணியைத் தட்டுவதற்கு முன்னால் கதவுக்கு அடியில் எதையாவது மடித்துச் செருகு, தலையணை போதும். அது கனத்தை வாங்கிக்கொள்ளும். இடது தோளைப் பலகையில் கொடு. பாதத்தைப் பின்னால் வை, இரண்டையும்.

கடம்ப மரம் என்றால் பரவாயில்லை. உங்கள் வீட்டில் தேக்கு. கனமாக இருக்கும். அவசரப்படாதே.

அண்ணன்